நூற்றைம்பது கிலோ எடைக்கல்

எடை மேடையில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ஓனர் முதல் லாரி கிளீனர் வரை எல்லாருக்கும் அவர் ‘கல்லு’. உடம்பைப் பார்த்து வைத்த கேலிப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். கேலியாவது ஒன்றாவது, அது அவர் பார்த்த உத்தியோகம்.

மணலும் ஜல்லியும் இரும்புக் கம்பியும் ஏற்றிப் போகிற லாரிகளை எடை போடுகிற இடம் அது. தரையோடு தரையாக நீளமான ஓர் இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. தினமும் முதல் லாரி ஏறுவதற்கு முன்னால் கல்லு மேடையின் நான்கு மூலைகளிலும் போய் நிற்பார். உள்ளே உட்கார்ந்து எண்ணைப் பார்க்கிற கூட்டாளிக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி. அதனால் ‘சோடாபுட்டி’, சுருக்கமாக ‘சோடா’. சோடா ஜன்னலைத் தள்ளித் திறந்து தொண்டை கிழியக் கத்துவார்:

“நூத்தம்பது! சரியா இருக்கு!”

நான்கு மூலையிலும் அதே எண் வந்தால் மேடை நலம், வியாபாரம் தொடங்கலாம். மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும், சில்லறை அதற்குத் தெரியாது. அதனால் கல்லு விருந்தில் ஒரு கை பார்த்துவிட்டு வந்தாலும், காய்ச்சலில் வாடி வந்தாலும் நூற்றைம்பதுதான். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் முத்திரை குத்திய இரும்புக் கற்களோடு வந்து சோதித்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் கல்லுவை வைத்துத்தான் பிழைப்பு ஓடியது.

இந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. மூட்டை தூக்கும் வேலை கேட்டு வந்த இளந்தாரியை ஓனர் ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கென்று மேடை தகராறு செய்துகொண்டிருந்தது. “வேலை அப்புறம். முதல்ல அங்க ஏறி நில்லு” என்றார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சை உடைத்ததற்காகவும், ஊஞ்சல் சங்கிலியை அறுத்ததற்காகவும் வாங்கிக் கட்டிக்கொண்ட உடம்பு அது. கயிறு இழுக்கிற போட்டி வந்தால் மட்டும் “டேய், நீ கடைசியில நின்னாப் போதும்டா” என்று கொஞ்சுவார்கள், அடுத்த நாளே மறந்துவிடுவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த உடம்பு தினமும் ஒரு இடத்தில் தேவைப்பட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கல்லு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மேடையில் ஏறும்போதெல்லாம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

கல்யாணமான புதிதில் மனைவி வேலை இடத்தைப் பார்க்க வந்தாள். “நானும் ஏறி நிக்கட்டுமா?” என்று ஆசையாகக் கேட்டு, பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள். பாழாய்ப்போன சோடாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

“எரநூத்திப் பத்து! தங்கச்சி மட்டும் அறுபது!”

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். புதுப்பெண்ணின் எடையை ஊருக்கே ஏலம் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? வீட்டில் அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அதையே ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்தார்கள். மகள் பிறந்தாள், அப்பாவின் தொப்பையில் கவிழ்ந்து படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். மூச்சு ஏறி இறங்க, குழந்தையும் ஏறி இறங்கும். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, தூரத்துக்குப் போய்விட்டாள். எவ்வளவு நல்ல காலம் அது!

அந்த நல்ல காலத்தின் மேல் மண் விழுந்தது கல்லுவின் அண்ணன் போனபோது. அண்ணனுக்கும் இதே உடம்புவாகு, இதே குறட்டை. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கல்லுவின் மனைவிக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது. குறட்டை கேட்டால் எரிச்சல், நின்றால் பயம். நின்றதும் பதறி எழுந்து உலுக்குவாள்.

“நான் காவல்காரியா, பொண்டாட்டியா? நீங்களே சொல்லுங்க” என்று ஒருநாள் அழுதுவிட்டாள்.

அந்த அழுகைதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது. வயிற்றை வாழைப்பழ அளவுக்குச் சுருக்கி வைக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, செய்துகொண்டால் மூச்சும் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் வரும் என்றார் டாக்டர். கல்லு பெரிய தைரியசாலி போலத் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுப் படியேறும்போதே அந்தத் தைரியம் கரைந்துவிட்டது. கத்திக்கு அவர் பயப்படவில்லை. மயக்க மருந்துக்குத்தான் பயம். அண்ணனும் கண்ணை மூடியவர்தானே! மூடின கண் திறக்காவிட்டால்?

சோடாவிடம் அவர் வாயே திறக்கவில்லை. “சொந்தத்துல ஒரு கல்யாணம், லீவு வேணும்” என்று அளந்துவிட்டார். சொல்ல வெட்கம். எடைக்கல்லே போய்த் தன்னைத் தேய்த்துக்கொள்ளப் போகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்க வேண்டுமாம். இரண்டு வாரம் வெறும் திரவ ஆகாரம். தண்ணீரான சூப்பும் பால் பவுடரும் குடித்துக் குடித்துக் கல்லுவுக்கு நாக்கு செத்துப்போனது. அந்த வாரங்களின் முடிவில்தான் அந்த விவகாரம் நடந்தது. காலையில் வழக்கம்போல மேடையில் போய் நின்றார். ஜன்னல் திறக்கவில்லை.

“அடுத்த மூலைக்குப் போ” என்றார் சோடா. போனார். “அதுக்கடுத்தது.” போனார். கடைசியில் ஜன்னல் திறந்தது.

“நாலு மூலையிலும் நூத்தி நாப்பது காட்டுது. மெஷின் போச்சுடா, கல்லு!”

கல்லுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. சோடாவோ, மெஷின்மேல் சந்தேகப்படுவாரே தவிரக் கல்லுமேல் கனவிலும் சந்தேகப்படமாட்டார். கேட்டை இழுத்து மூடினார், மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார். லாரிகள் ரோட்டு முனைவரை நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது, டிரைவர்கள் சோடாவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். மெக்கானிக் மேடைக்கு அடியில் ஊர்ந்து சேற்றை வழித்துப் போட்டார், ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தன் வண்டியில் கொண்டுவந்த இரும்புக் கற்களை அடுக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மெஷின் கல்லு மாதிரி இருக்கு. உங்க கல்லுதான் சரியில்லை.”

சோடா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கல்லுவையே பார்த்தார். சட்டை தொளதொளவென்று தொங்குவது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

“உனக்கு ஏதாவது பெரிய வியாதியாடா?” என்று பதறினார்.

கல்லு அதற்கு மேல் மறைக்கவில்லை. ஆபரேஷன், அண்ணன், மயக்க மருந்து, பயம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சோடா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“கல்யாணம்னு எங்கிட்டயே பொய் சொன்னியே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரி வார்டில் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கல்லு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஓர் எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ஏறுங்கய்யா. எடை பாத்துத்தான் மயக்க மருந்து அளவு போடணும்.”

கல்லு எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “இந்த மெஷினை எப்ப சோதிச்சீங்க, சிஸ்டர்?”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

“சரியாத்தான் இருக்கும்னா? கூடக் காட்டினா மருந்து கூடப் போகுமே!”

மனைவி கையைப் பிடித்தாள். “ஏங்க, பேசாம ஏறுங்க.”

“மாட்டேன். வீட்டுக்குப் போலாம் வா.” சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். இத்தனை வருஷம் மேடையைச் சோதித்த மனிதர், தன்னை நிறுக்க வந்த மெஷினைச் சோதிக்க வழியில்லாமல் குழந்தைபோல விழித்தார். மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது வெளியே போனால் இந்த மனிதர் இனி உள்ளே வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் வாசலில் யாரோ பலமாக மூச்சு வாங்கினார்கள். சோடா! தோளில் ஒரு கான்வாஸ் பை, அதன் கனத்தில் ஆளே ஒரு பக்கம் சாய்ந்திருந்தார். பையை இறக்கி, மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிவந்த, முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக் கல்லை உள்ளேயிருந்து எடுத்தார்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். கோவிச்சுக்காதீங்க. இவனுக்கு எந்த மெஷினா இருந்தாலும் முதல்ல பாத்தாகணும்.”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். சோடா கல்லை மெஷின்மேல் வைத்தார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, ஆஸ்பத்திரி என்பதையே மறந்து, வார்டு அதிரக் கத்தினார்:

“இருபது! சரியா இருக்கு!”

அந்தக் குரல் காதில் விழுந்ததும் கல்லுவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வருஷக்கணக்காக அந்தக் குரலை நம்பித்தான் ஒவ்வொரு நாளையும் தொடங்கியிருக்கிறார். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தோடு நடக்க முடிந்தது. அங்கியில் காலர் இல்லை. இருந்தாலும் கை கழுத்துப் பக்கம் போய்வந்தது. மெஷினில் ஏறினார்.

கண் திறந்தது. முதலில் தெரிந்தது மனைவியின் முகம், அடுத்தது மூக்குக்கண்ணாடி.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய பிறகு கல்லு மேடையில் ஏறவே இல்லை, சுற்றிக்கொண்டுதான் போவார். “நான் இப்ப கல்லு இல்லடா, வெறும் ஆளு” என்பார். சோடா, ஓனர் புதிதாக வாங்கிப்போட்ட இரும்புக் கற்களைத் தூக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டுவார். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

தினமும் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு, தனியாக விட மனைவிக்கு மனசில்லை. ஒருநாள் காலை நடந்தபடியே இருவரும் மேடைக்கு வந்தார்கள். சோடா விடவில்லை. வற்புறுத்தி ஏற்றினார். ஜன்னல் மெதுவாகத் திறந்தது.

“தொண்ணூறு” என்றார். ‘சரியா இருக்கு’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கல்லு தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி அவரைப் பார்த்தாள். இப்போதெல்லாம் பக்கத்தில் அவர் சத்தமில்லாமல் தூங்குகிறார், அவளும் தூங்குகிறாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடையில் ஏறி, அன்றைக்குப் போலவே அவரை ஒட்டி நின்றாள்.

“என்ன அண்ணா, பாத்துட்டு நிக்கிறீங்க? கத்துங்க. ஊருக்கே கேக்கட்டும்.”

சோடா எண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

“நூத்தம்பது! சரியா இருக்கு!”