மூத்தவள் எடுத்த வகிடு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. இது என் வாழ்க்கையில் நடந்தது. பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை என்பார்கள். எனக்கு நடந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆஸ்பத்திரி குழல்விளக்கு வெளிச்சத்தில்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பொறாமைக்காரி. அதுவும் செத்துப்போன ஒருத்தி மேல். என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் அவரோடு ஒன்பது வருஷம் நான்கு மாதம் வாழ்ந்துவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பழைய போட்டோக்களில் அவருக்கு இடப்பக்கம் வகிடு. தினமும் அவள்தான் சீவிவிடுவாளாம். கல்யாணமான முதல் வாரமே அந்த வகிட்டை வலப்பக்கம் மாற்றினேன். அதோடு விட்டேனா? அவளைவிட ஒரு நாளாவது கூடுதலாக அவரோடு வாழ வேண்டும் என்று மனதுக்குள்ளேயே நாள் எண்ணி வந்தேன். இதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது அவள் கணக்கை எட்ட எழுபத்தொரு நாள் பாக்கி.

மறுநாள் ஐசியு வாசலில் நின்றேன். படுக்கைக்கு ஓர் அட்டை, வாசலில் ஆணியில் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு ஒருவர் மட்டும் பத்து நிமிஷம் உள்ளே போகலாம். மணி 4.58.

"ஆறாம் நம்பருக்கு ஏற்கெனவே உள்ள ஆள் இருக்காங்க," என்றார் வாட்ச்மேன்.

"யாரு?"

"அவரோட வீட்டம்மா."

"நான்தாங்க வீட்டம்மா."

"அவங்களும் அதத்தான் சொன்னாங்க."

பேய் பிசாசு என்று தோன்றவே இல்லை. மனுஷன் எனக்குத் தெரியாமல் மூன்றாவதாக ஒருத்தியை வைத்திருக்கிறாரோ என்றுதான் தோன்றியது. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

5.04. பச்சை அங்கி போட்ட ஒரு முதுகு, அவர் தலைமாட்டில் குனிந்திருந்தது. வலது கை மெல்ல அசைந்தது. முன்னும்... பின்னும்... அவள் சீவிக்கொண்டிருந்தாள்.

5.06. டீங்... டீங்... டீங்...

நர்சுகள் ஓடினார்கள். திரை இழுக்கப்பட்டது.

டாக்டர் வெளியே வந்தார். "நெஞ்சுல வச்ச டியூப் அடைச்சுக்கிச்சும்மா. ரத்தம் வெளிய வராம இதயத்தைச் சுத்தித் தேங்கிடுச்சு. இங்கேயே உடனே நெஞ்சைத் திறக்கணும். கையெழுத்துப் போடுங்க."

உறவு என்ற இடத்தில் மனைவி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் போட்டிதான்.

இருப்பது ஒரே கதவு. நான் அதை விட்டு நகரவில்லை. அவள் வெளியே வரவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ஆறாம் நம்பர் அட்டை ஆணியில் தொங்கியது.

லேசாக... ஆடிக்கொண்டிருந்தது.

இரவு 9.20க்கு என்னை உள்ளே விட்டார்கள். உயிர் பிழைத்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. தலை படிய வாரியிருந்தது.

இடப்பக்கம் வகிடு.

நான்கு நாள் கழித்து அவரை வார்டுக்கு மாற்றினார்கள். கூட வந்த நர்ஸ் கேட்டாள்.

"அன்னிக்கு உள்ள இருந்த அம்மா வரலையா? டியூப்ல ரத்தம் நின்னுடுச்சுன்னு அவங்கதான் என்னைக் கூப்பிட்டாங்க. மானிட்டர் அப்புறம்தான் அடிச்சுது. அஞ்சு நிமிஷம் போயிருந்தா இவரு இல்ல."

அவரைக் காப்பாற்றியதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

நர்ஸ் சலைன் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல. 'இவரு இப்பப் போக வேணாம். எனக்குக் கெடச்ச அளவு அவளுக்கும் கெடைக்கட்டும். ஒரு நாள் கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்'னாங்க."

"எத்தனை நாள்னு சொன்னாங்களா?"

"கேட்டேன். அந்தக் கணக்கு அவளுக்கே தெரியும்னாங்க."

அன்றிலிருந்து தினமும் வலப்பக்கம்தான் சீவிவிடுகிறேன். விடிந்து பார்த்தால் வகிடு இடப்பக்கம் இருக்கிறது.

முடியப்போவது அவரா, நானா... அவள் சொல்லவில்லை.

காலண்டரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். எண்ணுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

இன்னும் பதினொரு நாள்.