டோக்கன் அக்காவின் பத்தொன்பது மீன்கள்

பல் ஆஸ்பத்திரியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது ஒரு தனி வித்தை. டாக்டர்களுக்கு அது தெரியாது. வாசல் மேசையில் இருபத்திரண்டு வருஷமாக டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்குத் தெரியும். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வெளியே வருகிறவரை, உள்ளே போகப் போகிறவரின் கண்ணில் காட்டக் கூடாது. "போன தடவ எனக்கு ரத்தமே நிக்கல" என்று பேச்சை ஆரம்பிக்கிற ஆளை ஜன்னலோரம் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். காலை ஆட்டிக்கொண்டே இருப்பவருக்கு மட்டும் மீன்தொட்டிக்கு எதிர் நாற்காலி.

வயதில் மூத்தவர்கள்கூட அவரை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் எல்லாரும் தன்னைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர் ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஆளுக்கு அடுத்தது வலிதான் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் வாயைத் திறந்தாலே முகங்கள் சுண்டிப்போகும். மீன்தொட்டி வந்த பிறகுதான் அந்த அறையில் யாராவது சிரித்து அவர் பார்த்தார். பழைய டாக்டர் ஒரு மூலையைக் கொடுத்து, "உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டார். செடி நட்டது, சனிக்கிழமை தோறும் இலை நறுக்குவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் அக்காதான். அந்தத் தொட்டி போனால் அவ்வளவு பெரிய அறையில் தனக்கென்று மிஞ்சுவது ஒரு சுழல் நாற்காலிதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அது போகும் நிலைமை வந்தது. பழைய டாக்டர் ஓய்வு பெற்று, முப்பத்தைந்து வயதில் ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நல்ல கைராசி, நல்ல மனசு. ஆனால் சுவரைப் பார்த்தால் டிவி மாட்டத் தோன்றும் ரகம். அதற்குத் தோதாக அக்காவும் ஒரு காரியம் செய்து வைத்தார். வயிறு சிவந்த இரண்டு மீன்களை, அழகில் மயங்கி, யார் எவர் என்று விசாரிக்காமல் வாங்கி வந்து தொட்டியில் விட்டார். அதுகள் சிக்லிட் குடும்பம். சொந்த இடம் என்று ஒன்றைப் பிடித்துவிட்டால் பக்கத்தில் யாரையும் அண்டவிடாத குடும்பம். அடித்தரையில் மேய்ந்துகொண்டு தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்த ஆறு கோரி மீன்களை அதுகள் துரத்தித் துரத்திக் கொத்தின. ஒரு நாள் காலையில் கோரி ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

அதை முதலில் பார்த்தவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்திருந்த ஒரு மரக்கடைக்காரர். பார்த்தார், எழுந்தார், செருப்பை மாட்டினார், போயே போய்விட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஓடிப்போனவர்' என்று பேர்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

"அக்கா, பயந்து போயி வர்றவங்க முன்னாடி செத்த மீன் மிதக்கறது நல்லா இல்ல. இன்னொண்ணு செத்துச்சுன்னா தொட்டிய எடுத்துட்டு டிவி வச்சிருவோம். சரியா?"

"சரிங்க டாக்டர்" என்றார் அக்கா. வேறு என்ன சொல்வது? வயிறு சிவந்த ரவுடிகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். மிச்சம், நீலக்கோடு மின்னும் பொடி நியான் டெட்ரா பன்னிரண்டும் ஐந்து கோரியும். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் தொட்டியின் நடுப்பகுதி காலியாகக் கிடந்தது. மேலே கூட்டமாக நியான், கீழே கோரி, நடுவில், பார்க்க வந்தவர் கண்ணை நிறுத்தி வைக்க ஒரு ஆள் இல்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முறை ஆளைப் பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் டிரைவரான வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனார். ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, சிக்லிட்டில் குள்ள ரகங்கள் இருந்த தொட்டிகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

முதலில் நீலத்தில் பொட்டுப் பொட்டாக மின்னிய ஒரு ரகம். பார்த்தாலே ஆசை வரும். ஆனால் அதற்கு வெந்நீர் மாதிரி தண்ணீர் வேண்டுமாம். அந்தச் சூட்டில் கோரிகள் தவித்துப்போகும். வேண்டாம். அடுத்த தொட்டியில் ஒருத்தன் மற்றவர்களை மூலைக்கு மூலை விரட்டிக்கொண்டிருந்தான். வேண்டவே வேண்டாம். மூன்றாவது தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒருவன், முதுகுத் துடுப்பு கொண்டை மாதிரி நிமிர்ந்து, வாலில் ஆரஞ்சுத் தீற்றலோடு திரிந்தான். பக்கத்தில் இன்னொன்று வந்தால் துடுப்பை விரித்துக் காட்டுவான். அது நகரவில்லையென்றால் இவனே திரும்பிப் போய்விடுவான்.

"இவன் மிரட்டுவான், ஆனா விரட்ட மாட்டான்" என்றார் அக்கா.

"அம்மா, அது காக்கட்டூ. நல்ல மீனு" என்றார் கடைக்காரர், கடை சாத்துவதற்குள் ஒரு முடிவு தெரிந்தால் போதும் என்ற குரலில். "கூட ஒரு பொண்ணு வேணும். அதோ, சாம்பல் கலர்ல இருக்கு பாருங்க. ஒரு தேங்காச் சிரட்டைய ஓட்ட போட்டுக் கவுத்து வச்சிருங்க, அதுதான் வீடு. வீடு புடிச்சுப்போச்சுன்னா கலர் கூடும்."

சாம்பல் நிறத்தில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கொண்டைக்காரனில் பாதிதான் இருந்தாள். மூலையில் ஒதுங்கி எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் போலவே இருக்கிறாள் என்று அக்காவுக்குப் பட்டது. அதை வெளியில் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு நேரம் பாத்தியா நீ?"

"பாக்கல. அதனாலதான் இப்ப பாக்கறேன்."

கடைக்காரர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

சிரட்டையை அக்கா யோசித்துத்தான் வைத்தார். பார்க்கிறவர்கள் தொந்தரவு இருக்கக் கூடாதென்று அதன் வாசலைப் பின்சுவரைப் பார்க்கத் திருப்பினார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அப்படித்தான் சொன்னது. மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. டாக்டரம்மா தினமும் காலையில் கைப்பையை வைக்கும்போதே "எத்தனை இருக்கு அக்கா?" என்று கேட்பார். "பத்தொன்பது டாக்டர்" என்று அக்கா நிமிர்ந்து சொல்வார்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை எண்ணினால் பதினெட்டு.

திரும்ப எண்ணினார். நியான் பன்னிரண்டு, கோரி ஐந்து, கொண்டைக்காரன் ஒருவன். அவனும் ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தான், வால் கிழிந்திருந்தது. சாம்பல்காரியைக் காணோம். செடிக்குச் செடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அந்த நேரம் பார்த்துக் கைப்பை மேசையில் விழும் சத்தம்.

"எத்தனை இருக்கு அக்கா?"

"பத்தொன்பது டாக்டர்."

பச்சைப் பொய். அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்கள் அத்தனையும் "இதோ அஞ்சே நிமிஷம்தான்" என்ற வகையைச் சேர்ந்தவை. இது வேறு. சொல்லிவிட்டு அவரால் நிமிர முடியவில்லை. செவ்வாய் அதே பொய். புதன் அதே பொய். ஒன்பது நாள் ஓடிற்று. உடல் மிதந்து வரும் என்று தினமும் பயந்து பயந்து பார்த்தார், வரவில்லை. கடைக்குப் போன் பண்ணலாமென்றால் வெட்கமாக இருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கின மகராசி, ஒரு மாசத்தில் கொன்றுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டில் சோறு இறங்கவில்லை.

"மிரட்டுவான், விரட்ட மாட்டான்னு சொன்னியே" என்றார் வீட்டுக்காரர், மெதுவாகத்தான். அது இன்னும் வலித்தது.

"என் கணக்கு தப்பாப் போச்சுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடறேன். டிவியே வைக்கட்டும்."

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம். கடைசி டோக்கனுக்கு வந்து நின்றது யாரென்று பார்த்தால், ஓடிப்போனவர். கன்னம் இட்லி போல வீங்கியிருந்தது. வலி முற்றித்தான் திரும்பி வந்திருக்கிறார். ஆனாலும் செருப்பைக் கழற்றாமல் வாசல் பக்கமே நின்றார். அக்கா அவரைத் தொட்டிக்கு எதிரில் உட்கார வைத்தார், பழக்க தோஷத்தில். பிறகுதான் ஐயோ, இவரையா அங்கே வைத்தோம் என்று உறைத்தது.

டாக்டரம்மா உள்ளே வேறொருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். அதற்கு முன்னால் சிரட்டைக்கு அடியில் சிக்கியிருக்கக்கூடிய அந்த உடலையாவது மரியாதையாக எடுத்துவிடலாம் என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் விட்டார்.

சுருக்கென்று விரலில் ஏதோ கடித்தது.

கையை வெளியே இழுத்துப் பார்த்தார். காயமில்லை. மறுபடி விட்டார். மறுபடி கடித்தது.

"அந்த மஞ்ச மீனு கடிக்குதுங்க" என்றார் ஓடிப்போனவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், ரொம்பக் கோவக்காரி."

"மஞ்ச மீனா? எங்கிட்ட மஞ்ச மீனே கிடையாதே."

"அப்ப இது யாரு வீட்டு மீனு?"

அக்கா குனிந்தார். சிரட்டைக்கு முன்னால், எலுமிச்சம்பழ மஞ்சளில், கன்னத்தில் கருப்புக் கோடு இழுத்துக்கொண்டு, துடுப்பை விரித்து ஒரு பொடி மீன் அவரை நேருக்கு நேர் முறைத்தது. அளவைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் அவருக்குத் தெரிந்த கண். ஒன்பது நாளாக அவர் சாம்பல் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவளோ நிறம் மாறி, பின்வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அவளுக்குக் கீழே மணலில் ஏதோ தூசு. தூசு நகர்ந்தது. அவள் உடம்பை ஒரு வெட்டு வெட்டியதும் தூசு மொத்தமும் அப்படியே தரையில் படிந்து அடங்கியது. ஒவ்வொரு தூசுக்கும் இரண்டு கண் இருந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் கடைக்குப் போன் போட்டு, கிழிந்த வால் முதல் மஞ்சள் நிறம் வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

"குஞ்சு பொரிச்சா பொண்ணு மஞ்சளாயிரும்மா" என்றார் கடைக்காரர், இதைப் போய்க் கேட்கிறீர்களே என்கிற மாதிரி. "புருசனையும் கிட்ட விடாது. அதான் அவன் வாலு கிழிஞ்சிருக்கு. தப்பு அவன் மேல இல்ல. கலர் கூடும்னு அன்னிக்கே சொன்னேனே. அந்தக் கோரிங்கள மட்டும் அந்தப் பக்கம் வரவிடாம பாத்துக்குங்க."

அது அக்காவுக்குத் தெரிந்த வேலை. யாரை யார் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதுதானே. சிரட்டைக்கும் கோரிகள் மேயும் இடத்துக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைப் படுக்கவைத்து, அடர்ந்த செடிக் கொத்தொன்றை அதற்கு முன் செருகினார். கோரிகளுக்கு இந்தப் பக்கம் தீனி. ஹீட்டர் பக்கத்துக்கும் ஒரு செடி, கொண்டைக்காரன் நிம்மதியாக மறைந்துகொள்ள. மஞ்சள்காரி அதற்குள் இன்னும் நாலு தடவை கடித்துவிட்டாள். அக்காவுக்கு ஒவ்வொரு கடியும் இனித்தது.

கதவு திறந்தது. வாயில் பஞ்சோடு ஒருவர் வெளியே போனார். அக்கா அவரை மறைக்கக்கூட மறந்துவிட்டார். பின்னாலேயே டாக்டரம்மா வந்தார். முழங்கை வரை சொட்டச் சொட்ட நனைந்து, கண் சிவந்து மறுபடி தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவர் முகம் மாறியது.

"என்னாச்சு அக்கா? எத்தனை இருக்கு?"

"ஒம்பது நாளா உங்ககிட்ட பொய் சொன்னேன் டாக்டர். பதினெட்டுதான்னு நெனச்சுக்கிட்டுப் பத்தொன்பதுன்னு சொன்னேன்."

"இப்ப எத்தனை?"

"எண்ண முடியல டாக்டர்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கையுறையோடு பக்கத்தில் மண்டியிட்டு, அக்கா காட்டிய இடத்தில் கண்ணை வைத்தார். பல்லில் ஊசிமுனை ஓட்டையைத் தேடிப் பழகிய கண். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. முப்பத்தெட்டு வரை போய், தாய் ஒரு சுற்று சுற்றியதில் எல்லாம் கலைந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

ஓடிப்போனவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். இரண்டு பேரும் திரும்புவதாக இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். தானே உள்ளே நடந்து போய், சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"டாக்டர்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "எண்ணி முடிச்சதும் வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."