கடலுக்குள் ஒரு வட்டம்

மாம்புரி என்ற கடற்கரை ஊரில் தாய் சேய் கிளினிக் ஒன்று கட்டினோம். இரண்டு மாடி. கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குக் கிடைத்த வேலை. நான் அதன் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அத்திவாரம் முடிந்த காலத்தில்தான் கம்பெனி அந்தச் செயலியைக் கொண்டுவந்தது. வேலையாட்களின் வரவு, படங்கள், அனுமதிகள் எல்லாம் இனிப் போனில்தான் என்றார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதுவரை எல்லாப் படங்களும் வட்ஸ்அப்பில் கலியாணப் படங்களோடும் சலாம் செய்திகளோடும் கலந்து காணாமற் போய்க்கொண்டிருந்தன.

முதல் நாள் காலையில் சைட்டின் நடுவில் நின்று செயலியைத் திறந்தேன். "நீங்கள் வேலைத்தளத்துக்கு வெளியே நிற்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் வந்தது. வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் சைட் என்று கொழும்பில் யாரோ போட்ட நீல வட்டம் முக்கால்வாசி கடலுக்குள் கிடந்தது. அதன் ஒரு ஓரம் மட்டும் கரையில் முட்டிக்கொண்டு நின்றது.

திட்ட முகாமையாளருக்கு போன் எடுத்தேன். கொழும்பில் இருக்கும் சிங்கள மனிதர். மரியாதையாகப் பேசுவார், ஆனால் எதையும் முழுதாகக் கேட்க மாட்டார்.

"வட்டத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. செயலிக்குள்ளேயே ஒரு முறைப்பாடு போடுங்கள்" என்றார்.

போட்டேன். மறுநாள் "தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது. வட்டம் அதே இடத்தில் இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் தீர்க்கப்பட்டது.

வரவு பதியாவிட்டால் வேலையாட்கள் வரவில்லை என்றாகிவிடும். ஆகவே தினமும் காலையில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். கொத்து வேலைக்குத் தலைவரான மேசன்பாஸ், அவருடைய ஆட்கள், கம்பி கட்டுகிறவர்கள், கடைசியில் நான். தண்ணீர் காலை நனைக்கும் இடத்தில் நின்று ஆளாளுக்குப் போனைப் பிடிப்பார்கள். செயலியில் சிங்களமும் ஆங்கிலமும்தான் இருந்தன, தமிழ் இல்லை. ஒவ்வொருவருக்கும் எங்கே அமத்துவது என்று நான்தான் காட்ட வேண்டும். கரைவலை இழுக்கிறவர்கள் வலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"மிஸ், நாங்க கட்டடம் கட்ட வந்தமா, மீன் புடிக்க வந்தமா?" என்று மேசன்பாஸ் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க நானா. திருத்தித் தருவாங்க." அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"நீங்க இதத்தான் போன கிழமையும் சொன்னீங்க."

வரவைப் பதியக் கடற்கரைக்கு நடக்கலாம். மேல்தட்டுக்குக் கட்டிய கம்பியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பலகை அடித்து, கம்பி கட்டி முடித்ததும் அதைப் படமெடுத்து அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வந்தால்தான் கொங்கிரீட் லொறி வரும். படத்தையோ அந்த வட்டத்துக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். முன்பே எடுத்த படத்தைச் செயலி ஏற்காது. வட்டத்துக்குள் நின்றால் எனக்குத் தெரிவது கடலும் இரண்டு வள்ளங்களும்தான்.

செயலியின் உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை இனிமையாகப் பேசினாள்.

"மிஸ், உங்கட லொக்கேஷன்தான் பிழை. நீங்க சைட்டுக்குள்ள போய் நிண்டு எடுங்க."

"நான் சைட்டுக்குள்ளதான் நிக்கிறன்."

"இங்க அப்படிக் காட்டேல்லயே மிஸ்."

போனை வைத்துவிட்டுச் சீமெந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து கம்பியில் பூசியது. கம்பி முதலில் மஞ்சளானது, பிறகு செம்மண் நிறமானது. விரலால் தொட்டால் தூளாக வந்தது. மேசன்பாஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான கனமூலையில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். கம்பி கட்டுகிறவர்களும் வரவில்லை. நான் மட்டும் தினமும் வந்து, காவலாளியைப் போலக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கனமூலைக்குப் போனேன். அவர் சுவர் பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நானா, அனுமதி வந்தவுடன வருவீங்கதானே?"

"கொங்கிரீட் வந்தா வாறன். அது வரைக்கும் அந்தப் போனத் தூக்கிக்கொண்டு வராதீங்க." கொஞ்ச நேரம் பூசினார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "தொண்ணூறில முஸ்லிம்கள விரட்டின நேரம் மன்னாரில இருந்து வந்தம். வந்து எவ்வளவு காலத்துக்கு எங்கட பதிவெல்லாம் மன்னாரிலதான் கிடந்திச்சி. எந்தக் கவர்மெந்துக் கந்தோருக்குப் போனாலும் நீங்க இந்த இடத்து ஆக்கள் இல்ல எண்டுவானுகள். வாப்பா அந்தக் கதையக் கேட்டுக் கேட்டே மௌத்தாப் போனார். இப்ப இந்தப் போனும் நான் நிக்கிற இடத்தில நான் இல்ல எண்டுது. எனக்கு ஏலா மிஸ்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது முகாமையாளருக்கு ஒரு நீண்ட குரல் செய்தி அனுப்பினேன். சிங்களத்தில் எனக்குத் தெரிந்த கோபச் சொற்கள் குறைவு. இருந்தவற்றையெல்லாம் பாவித்தேன்.

அதனாலோ, கிளினிக்கைக் கட்டச் சொன்ன அரசாங்கத் திணைக்களம் தாமதம் ஏனென்று கேட்டதாலோ, அடுத்த கிழமை அவர் நேரில் வந்தார். சைட்டின் நடுவில் நின்று தன் போனைத் திறந்தார். அவரும் வெளியே நிற்பதாகத்தான் வந்தது. இரண்டு முறை மூடித் திறந்தார். வடக்குப் பக்கம் போய் நின்றார், தெற்குப் பக்கம் போய் நின்றார். பிறகு யாருக்கோ போன் எடுத்தார். நான் கொடுத்த பிளேன்டீ ஆறுவதற்குள் வட்டம் கடலை விட்டு ஏறி எங்கள் கட்டடத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

"பார்த்தீர்களா, சின்ன விஷயம்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. துருவேறிய கம்பியைக் காட்டினேன். அதை இரும்புத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் பண்ணச் சொன்னார். மேசன்பாஸ் ஆட்களோடு திரும்பி வந்தார். என்னோடு அதிகம் கதைக்கவில்லை. எல்லோரும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்த்தோம். துருத்தூள் மூக்கிலும் தொண்டையிலும் இறங்கியது. படம் அனுப்பி, அனுமதி வாங்கி, கொங்கிரீட் போட்டு முடிந்தபோது யாரும் சந்தோஷப்படவில்லை, களைத்துப்போயிருந்தோம்.

அன்று பின்னேரம் செயலி தாமதத்துக்குக் காரணம் கேட்டது. மழை, பொருள் இல்லை, ஆள் இல்லை என்று மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். நான்காவதாக "வேறு" என்றிருந்தது. அதை அமத்தி, நடந்ததைத் தமிழில் எழுதினேன். எழுத்துகள் எல்லாம் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகளாக விழுந்தன. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முகாமையாளர் போன் எடுத்தார்.

"நீங்கள் எழுதியதை வாசிக்க முடியவில்லை. என்ன அது?"

சொன்னேன். கம்பி, காற்று, கடற்கரை நடை, கனமூலைப் பயணம் என்று ஒன்றும் விடாமல், அவசரப்படாமல் சொன்னேன். முதன்முறையாக அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி. ஆள் இல்லை என்று போட்டுவிடுகிறேன்" என்றார்.

"போட வேண்டாம். ஆள் இருந்தது" என்றேன்.

அவர் என்ன போட்டார் என்று எனக்குத் தெரியாது. செயலியில் அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.