ஆர்டிஸ் விலகாமல் தோற்றது

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள் ஆர்டிஸ். தங்கை லோர்னாவின் மகள், உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டதால், பனி கொட்டும் சாலையில் காருக்குள்ளேயே பிள்ளை பெற்றாள். அந்தக் கோபத்தில்தான் ஆர்டிஸ் சட்டசபைக்குக் கட்சியின் சீட்டைக் கேட்டு நின்றாள்.

ஊர் ஊராக நடந்த கட்சியின் முதல் சுற்றுக் கூட்டங்களில், அதே சீட்டைக் கேட்ட வக்கீல் டர்ஸ்டன் பக்கம், மாநாட்டில் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பிரதிநிதிகள் குவிந்துவிட்டார்கள். போதாததற்கு வார்டை மூடிய ஆஸ்பத்திரிக் குழுவில் இருந்தவர் டர்ஸ்டனின் சொந்தப் பெரியப்பா. ஆர்டிஸின் ஆட்களுக்கு அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்.

மாநாட்டுக்கு முந்தின வாரம் கட்சியின் மாவட்டத் தலைவர் வெர்ன் ஆர்டிஸின் வீட்டுக்கு வந்தார். ஆர்டிஸுக்குக் கொழுந்தன் முறை. கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்ததை இரண்டாம் முறை போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணி, முடிஞ்சுபோன பந்தயம் இது. இப்பவே விலகிக்கிட்டா கட்சிக்கும் நல்லது, உங்களுக்கும் மரியாதை."

"உங்கண்ணனைக் கட்டிக்கிட்டப்ப எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. விலகினேனா?"

வெர்ன் சிரித்துவிட்டார். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. தான் விலகிவிட்டால் தன் ஆட்கள் மாநாட்டுக்கே வரமாட்டார்கள், நவம்பரில் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்கவும் ஒருவரும் கிளம்பமாட்டார்கள் என்றாள். அப்புறம் எதிர்க்கட்சிக்காரன் ஜெயிப்பான், வார்டு மூடினது மூடினதுதான். வெர்ன் எழுந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மாநாடு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம் என்பது அங்கே வழக்கம். போட்டியில் நிற்பவருக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. ஆர்டிஸ் ஒன்றே ஒன்று கேட்டாள்: பிரசவ வார்டைத் திறக்கப் போராடுவீர்களா, மாட்டீர்களா? டர்ஸ்டன் முன்வரிசையில் இருந்த பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். போராடுவேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தான்.

ஓட்டு எண்ணினார்கள். எதிர்பார்த்தபடியே ஆர்டிஸ் தோற்றாள். தோற்றவரே எழுந்து ஜெயித்தவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கும்படி முன்மொழிவது அந்தக் கட்சியில் பழக்கம். ஆர்டிஸ் தயங்காமல் மைக்கைப் பிடித்து முன்மொழிந்தாள். கூடம் எழுந்து கை தட்டியது. அவளுடைய வரிசைகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடுவில் லோர்னா, கல்லுப் பிள்ளையாராட்டம்.

"லோர்னா, எந்திரிடி," என்றாள் ஆர்டிஸ், மைக்கிலேயே. "வாக்குக் கொடுத்திருக்காரு. காப்பாத்துறாரான்னு பாக்க நாமதான் கூட நிக்கணும். வீட்டுல உக்காந்துக்கிட்டா யாரு பாக்கிறது?"

லோர்னா எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அவள் நேரே டர்ஸ்டனிடம் போய்க் கை கொடுத்தாள்.

"சனிக்கிழமை எங்க ரோட்டுலேர்ந்து ஓட்டுக் கேக்க ஆரம்பிக்கலாம், வக்கீலய்யா. நான் கூட வர்றேன். தனியா மட்டும் வந்துடாதீங்க, எங்க வீட்டு நாய்க்கும் உங்க பெரியப்பா ஜாடையைக் கண்டா ஆகாது."