வைப்பர் மோட்டாரும் கடைசிக் கரண்டியும்

1. புகைந்த ஸ்டார்ட்டர்

மும்பை தாராவியில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஸ்டார்ட்டர், ஹார்ன், வைப்பர் என்று வண்டியில் கரண்ட் ஓடுகிற எதையும் பிரித்து மாட்டுவேன். விவசாயத்தில் எனக்குத் தெரிந்தது, கத்தரிக்காய் காம்போடு வரும் என்பது மட்டும்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று என் முட்டாள்தனம் ஒன்றை எழுதி வைக்கிறேன்.

விஸ்வநாதன் சார் மாட்டுங்காக்காரர். ஒரு ஆபீசில் தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். மும்பைக்கு வெளியே கர்ஜத் பக்கம் அரை ஏக்கர் வாங்கிக் கத்தரி போட்டிருந்தார். கடை மருந்து எதுவும் அடிக்க மாட்டார். சாணி, கோமியம், வெல்லம், கடலை மாவு எல்லாம் போட்டு ஊறவைத்த கரைசலைச் செடிக்குச் செடி ஊற்றுவார். குனிந்து குனிந்து ஊற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. அவர் மனைவி பார்வதி மாமி கறாராகச் சொல்லிவிட்டார்: குனியாமல் பண்ண முடிந்தால் பண்ணலாம், இல்லையென்றால் நிலத்தை விற்றுவிட வேண்டும். சொன்னதோடு நிற்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடத்தைப் பார்க்க வாஷியிலிருந்து ஒரு ஏஜெண்டையும் வரச் சொல்லிவிட்டார்.

சார் என் கடைக்கு வந்து அழாத குறையாக நின்றார். கையில் ஒரு ஃபைல். அதற்குள் அவர் ஸ்கேல் வைத்து வரைந்த மெஷின் படம். இரண்டு சைக்கிள் சக்கரத்தின் மேல் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து தானாக அள்ளி ஊற்றும் ஒரு கரண்டி. படத்தின் மூலையில் ரெஃபரன்ஸ் நம்பர் வேறு போட்டிருந்தார்.

கடை மூலையில் கிடந்த பழைய சாமான் குவியலைப் பார்த்தவுடன் ஒரு லாரி ஸ்டார்ட்டரைக் காட்டி, பெரிதாக இருக்கிறதே, அதையே போடுங்கள் என்றார்.

“சார், அது வண்டியைக் கெளப்பி விட்டுட்டு ஒறங்கப் போயிரும். நாள் பூரா ஓடச் சொன்னா பொகைஞ்சிரும்” என்றேன்.

“ஒரு ட்ரையல் பாத்துடலாமே மிஸ்திரி.”

வாடிக்கையாளர் கேட்கிறாரே என்று ட்ரையல் பார்த்தேன். அவர் வீட்டு சாம்பார் கரண்டியை ஸ்டார்ட்டரில் கட்டி, வாளித் தண்ணீரில் இறக்கி, பேட்டரியைத் தொட்டேன். வாளியில் இருந்த தண்ணீர் மொத்தமும் எதிரே இருந்த தோல் கடையின் கூரைக்குப் போயிற்று. கரண்டி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்டார்ட்டர் சொன்னபடியே புகைந்தது. சார் ஃபைலைத் திறந்து ‘திருப்தி இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

2. வைப்பர்

அடுத்து ஒரு பழைய வேனின் வைப்பர் மோட்டாரை எடுத்தேன். இதுதான் சரியான ஆள். மெதுவாகச் சுற்றும், பலம் உண்டு, மழைக்காலம் முழுக்க ஓடிப் பழக்கப்பட்டது. வைப்பர் கையின் நுனியில் இரண்டாவது கரண்டியைக் கட்டினேன். கை கீழே வரும்போது தொட்டியில் அள்ளும், மேலே போகும்போது பக்கத்துச் செடியில் வீசும், திரும்ப வந்து தொட்டியில் இறங்கும்.

கடையில் நாள் முழுக்கத் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தோம். எங்கள் ஆட்கள் யாரும் டெஸ்டிங்குக்கு சுவிட்ச் வைப்பதில்லை. வயரை பேட்டரியில் தொட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும். கரண்டி அழகாக ஓடியது, வயரை எடுத்த இடத்தில் அழகாக நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு சுவிட்சை மாட்டி, மோட்டாரிலிருந்து வந்த எல்லா வயரையும் முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் அதனதன் இடத்தில் முறுக்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று சாரிடம் பெருமை அடித்ததும் ஞாபகம் இருக்கிறது.

3. கர்ஜத்

ஞாயிற்றுக்கிழமை தொட்டியையும் சக்கரங்களையும் பேட்டரியையும் கர்ஜத் லோக்கல் ரயிலில் லக்கேஜ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மாமி வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடையும் காபி பிளாஸ்க்குமாக உட்கார்ந்தார். நடப்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தார். ஏஜெண்டும் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கரைசலின் வாசனை எட்டாத தூரமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

சுவிட்சைப் போட்டேன். கரண்டி அள்ளியது, வீசியது. சார் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்தபடி நடந்தார். ஒரு வரிசை முடிந்தது, இரண்டாவது முடிந்தது. ஒவ்வொரு வரிசை முடியும்போதும் நம்பரைச் சத்தமாகச் சொன்னார். இடுப்பில் ஒருமுறைகூடக் கை வைக்கவில்லை. மாமி காபியை வாயருகே வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூன்றாவது வரிசையில் ஏஜெண்டுக்கும் ஆசை வந்துவிட்டது. மொபைலில் படம் எடுக்க வேண்டும், நிறுத்து என்று என்னிடம் சொன்னார். கரண்டி தொட்டியில் அள்ளி முடித்த நேரத்தில் சுவிட்சை அணைத்தேன். க்ளிக் என்று சத்தம் கேட்டதுமே அவர் இரண்டு எட்டு முன்னால் வந்து குனிந்தார்.

“பந்த் ஹை நா?” அணைத்தாயிற்றுதானே என்று கேட்டார்.

“பந்த் ஹை சேட்.”

கரண்டி மேலே வந்தது. நிறைந்த கரண்டி. சாவகாசமாக வீசிவிட்டு, திரும்பப் போய்த் தொட்டியில் படுத்து, அதன்பிறகுதான் நின்றது.

வண்டியில் வைப்பரை அணைத்தால் கண்ணாடிக்கு நடுவில் நிற்காது, கீழே போய்ப் படுத்துக்கொண்டுதான் நிற்கும். அதற்கென்றே மோட்டாரில் தனியாக ஒரு வயர் உண்டு. பார்க்கிங் வயர் என்போம். வயலுக்கு அது தேவையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதையும் மாட்டியிருந்தேன். கடையில் பேட்டரியிலிருந்தே வயரை எடுத்ததால், படுக்கப் போகக் கரண்ட் இல்லாமல் அது பாதியிலேயே நின்றிருக்கிறது.

ஏஜெண்டின் கறுப்புக் கண்ணாடியில் கடலை மாவு வழிந்தது. அவர் மராத்தியில் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. பைக்கை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மாமியையே பார்த்தார். நிலம் போயிற்று என்று நானும் நினைத்தேன்.

மாமி சிரிக்க ஆரம்பித்தார். குடை ஒரு பக்கம், பிளாஸ்க் ஒரு பக்கம் விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரைப் பார்த்தார்.

“இதுவும் உங்கள மாதிரியேதான் இருக்கு. நிறுத்துங்கோன்னா இன்னும் ஒண்ணு சொல்லிட்டுத்தான் நிறுத்துவேள். நிலம் இருக்கட்டும்.”

சார் ஃபைலைத் திறந்து ‘திருப்தி’ என்று குறித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கரைசலின் நெடியும் ஒரு காரணம். அவசரமாகக் கட்டிங் பிளேயரை எடுத்து, ஐந்து நிமிஷத்தில் அந்த வயரை வெட்டிவிடுகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு நான் சுவிட்ச் மாட்டாமல் எதையும் டெஸ்ட் செய்வதில்லை. எந்த மோட்டாரை எடுத்தாலும், அணைத்தால் இது எங்கே போய் நிற்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். கை பழகிவிட்ட வேலையைத்தான் கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டும்.

ஆனால் அந்த ஒரு மெஷினை மட்டும் இன்றுவரை சரிசெய்யவில்லை. பிளேயரை எடுத்த என் கையை மாமி தடுத்துவிட்டார்.

“வெட்டாதேங்கோ மிஸ்திரி. நாளைக்கு இன்னொருத்தன் இடம் பாக்க வந்தா?”