அண்ணன் ஊறவைத்த பழுப்புத் தண்ணீர்

எங்கள் அண்ணன் காலமாகி இன்றோடு ஓராண்டு. வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நயமாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சிராங்கூன் ரோட்டுப் பக்கம், ஒரு கடைவீட்டின் பின்னறையில். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. தாய்மாமாதான் எங்களை வளர்த்தார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பொய். சோறு போட்டது அண்ணன். ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. புகையும் மாவுத் தூசியும் அவர் நெஞ்சை அப்போதே கெடுக்கத் தொடங்கிவிட்டன.

அவருக்கு இருந்த ஒரே ஆசை மீன். கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, பலவகைச் சின்ன மீன்களை ஒன்றாக விட்டிருந்தார். அதில் ஒரு வகை ஓடையில் பிடித்தது. செம்பு நிறம், வால் பக்கம் கருப்பு முக்கோணம், எப்போதும் கூட்டமாகவே திரியும். முட்டையிட்டால் மற்ற மீன்கள் விடாது, தின்றுவிடும். தெம்பனிஸில் மீன் பண்ணை வைத்திருந்த சீன முதலாளி, "இதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டு, வேலை தருகிறேன்" என்று சொல்லியிருந்தார். அடுப்பை விட்டு வெளியே வர அண்ணனுக்கு வேறு வழி கிடையாது.

பலமுறை தோற்றார். கடைசியில் எல்லா மீன்களையும் பானைகளுக்கு மாற்றினார். தொட்டியில் மழைத்தண்ணீர் நிரப்பி, காத்தோங் கடற்கரையில் பொறுக்கிய கெத்தாப்பாங் இலைகளை, அதாவது நாட்டு வாதுமை இலைகளை, ஊறப்போட்டார். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்ததும் ஒரு ஜோடியை மட்டும் விட்டார். முட்டைகள் செடியின் இலையடியில் ஒட்டியவுடன் அந்த ஜோடியையும் எடுத்துவிட்டார். குஞ்சு பொரித்தது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் அண்ணன் வேலைக்குப் போயிருந்தபோது மாமா வந்தார்.

"என்னம்மா இது, கூடத்துல சாக்கடை?"

"அண்ணன் வளக்குறாரு மாமா."

"எதை? ஒரு மீனையும் காணோமே, வெறுந்தண்ணிய வளக்குறானா? கொட்டிட்டுப் பைப்புத் தண்ணி ஊத்து. வர்றவங்க மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போனா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

கொட்டினேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பானை மீன்களைத் தெளிந்த தண்ணீரில் விட்டேன்.

மதியம் அண்ணன் வந்து தொட்டி முன்னால் நின்றார்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன்.

"விடு பாப்பா. முடி மாதிரி இருக்கும், உன் கண்ணுக்கு எங்க தெரியப்போவுது" என்றார்.

"போதும் லா! குழம்புக்கும் ஆகாத மீனுக்கு எழவு வீடா இது?" என்று மாமா சிரித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் முதலாளி வந்து, குஞ்சு எதுவும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சில வாரங்களில் பண்ணைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. அண்ணன் என் கல்யாணத்துக்காக இரட்டை வேலை பார்த்தார். சாகும்வரை அதே அடுப்படி. கடைசியில் பேசக்கூட மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும், பாடை தூக்கிய ரொட்டிக் கடைத் தோழர்களுக்கும் என் நன்றி. மாமாவுக்கு நன்றி கிடையாது. ஒருநாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. படித்துக் கோபப்படட்டும்.

ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் டார்ச் அடித்து முதலில் எனக்குத்தான் காட்டினார். வந்த வரன் தட்டிப்போய்விடுமோ என்று பயந்தேன். தெரிந்தேதான் கொட்டினேன்.