கழன்ற சென்சார்

ஒரகடம் தொழிற்சாலையில் லைன் நின்றிருந்தது. பெயின்ட் அடுப்பின் புதிய புரோகிராமை நான் சோதித்து முடித்தால்தான் ஓட்டலாம். அடுப்பின் சிப்பைப் போலவே என் கணினியில் இயங்கும் திறந்த மூல எமுலேட்டரில் அதை ஓட்டினேன். வெப்ப சென்சார் கழன்ற நிலையைக் கொடுத்ததும் எமுலேட்டரே கிராஷ் ஆனது.

“அந்த ஒரு டெஸ்ட்ட வுட்டுடும்மா. ஒயர எவன் புடுங்கப் போறான்?” என்றார் சூப்பர்வைசர்.

“எலி கடிச்சா போதும் சார்.”

எமுலேட்டரின் மூலநிரலைத் திறந்தேன். சென்சார் கழன்றால், சிப்பில் அடங்கும் மைனஸ் எண்களில் கடைசி எண் வருகிறது. அதை மைனஸ் ஒன்றால் வகுக்கும் இடத்தில், விடை அடங்காமல் எமுலேட்டர் விழுகிறது. அடுப்பின் சிப் அதைத் தாங்கும், என் கணினி தாங்காது. அங்கே ஒரு நிபந்தனை சேர்த்து மறுபடி ஓட்டினேன்.

எமுலேட்டர் விழவில்லை. அப்போதுதான் எங்கள் புரோகிராம் செய்வது தெரிந்தது. கழன்ற சென்சாரைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு, ஹீட்டரை அணைக்காமல் முழு வீச்சில் எரியவிட்டது.

சூப்பர்வைசர் திரையைப் பார்த்தபடியே போனை எடுத்தார். “லைன ஓட்டாதீங்கடா. இன்னும் டைம் ஆவும்.”